எங்கள் வீட்டு மீன்களுக்கும் புரட்டாசி

மீன் வெடிக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரர் புனேவுக்கு மாற்றலாகிப் போகும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் எங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார். ஒருவருக்குத் தையல் மெஷின், ஒருவருக்கு மூங்கில் ஊஞ்சல். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். அன்றைக்கு நான் லீவு. ஆகவே எல்லாரும் எடுத்தது போக மிஞ்சிய மீன் தொட்டி எனக்கு வந்தது. உள்ளே ஒரு கறுப்பு மோலியும் அதன் வீட்டுக்காரரும், விசிறி வால் ஆட்டும் சில கப்பிகளும். ஜோகுபாளையத்தில் எங்கள் முதல் மாடி வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தோம்.

மோலி நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போனது. தீனியை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று நானே தீர்ப்பெழுதி, அதை டயட்டில் வைத்தேன். வயிறு குறையவில்லை, முறைப்புதான் கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபி டம்ளரோடு போய்ப் பார்க்கிறேன், வயிற்றுக்கடியில் கறுப்பாக என்னவோ தொங்குகிறது. குடல் சரிந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். நான் போட்ட கூச்சலில் என் மனைவி கேஸ் லீக்காகிறது என்று நினைத்து அடுப்பை அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். கீழ்வீட்டு அக்கா மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார்.

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்தது.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்களுக்கு ஒரே பையன். ரிங் ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். வீடியோ காலில் கூப்பிட்டு இதுவரை உழைத்ததற்கு நன்றி சொன்னார்கள். லேப்டாப்பை வாங்கிப்போக ஓர் ஆளை அனுப்பினார்கள். ஆரம்பத்தில் அங்கேயும் இங்கேயும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு நிறுத்திவிட்டான். பிறகு நண்பர்கள் போன் செய்தால் எடுப்பதில்லை. பிறகு சாப்பாட்டுத் தட்டும் உள்ளே போனது. கோடை போய், மழைக்காலமும் வந்துவிட்டது. குளிக்க வருவான், போவான். எது கேட்டாலும் "ம்." தெருவில் விசாரித்தவர்களிடம் "வொர்க் ஃப்ரம் ஹோம்" என்று சொல்லிவைத்தோம். வொர்க்கும் இல்லை, ஹோமும் இல்லை, ஒரு கதவுதான் இருந்தது.

நான் அந்தக் கதவில் காதை வைத்துக் கேட்பவன். மின்விசிறிச் சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். பயம் வந்தால் எனக்கு ஜோக் வரும். அது பிறவிக் கோளாறு. கதவைப் பார்த்து நின்று ஜோக் சொல்வேன். பிளைவுட் ஒருநாளும் சிரித்ததில்லை.

அந்தக் கதவுதான் திறந்தது. கசங்கின பனியனோடு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தவன், தொட்டியைக் குனிந்து பார்த்தான்.

"கத்தாதப்பா. அது குட்டி போடுது."

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. மோலி வயிற்றிலிருந்து குட்டி விழுந்துகொண்டிருந்தது. நான் குட்டியைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மோலி, கப்பி எல்லாம் முட்டை போடாத ஜாதி. நேராகக் குட்டிதான் போடும். போட்ட கையோடு தானே அதைத் தின்னவும் பார்க்கும். இதையெல்லாம் சொல்லியபடியே பெரிய மீன்களை ஒவ்வொன்றாக வலையில் பிடித்துத் துணி ஊறவைக்கும் டப்புக்கு மாற்றினான். பெற்றவர்களை டப்புக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டைக் கொடுத்தாயிற்று, இந்தக் காலத்து நியாயம் இதுதான் என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளேயும் போகவில்லை.

அந்த வாரமே கப்பிகளும் டப்பில் குட்டி போட்டன. அவற்றையும் டீ வடிகட்டியால் அள்ளிக்கொண்டுவந்து மோலிக் குட்டிகளோடு விட்டான். எனக்குப் பதறியது. மோலிக் குட்டி கறுப்பாக, கொஞ்சம் தாட்டியாக இருக்கும். கப்பிக் குட்டி என்பது இரண்டு கண்ணும் ஒரு நடுக்கமும், அவ்வளவுதான். அதுவும் என் சாயல். இது அதைத் தின்றுவிடாதா என்று கேட்டுக்கேட்டு அவன் உயிரை எடுத்தேன். ஒரே சமயத்தில் பிறந்தவை, ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று நுழையாது, சேர்த்தே வளர்க்கலாம். கப்பிக்கும் தீனி போய்ச் சேருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான். பொறுமையாகச் சொன்னான். அந்தப் பொறுமைக்காகவே மறுநாளும் அதையே கேட்டேன்.

தீனிக்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவில் கடுகில் பாதி எடுத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காலையில் ஒரே ஒரு தரம். மிஞ்சினால் அது அழுகித் தண்ணீரை விஷமாக்கிவிடும். அவன் சொட்டு விட, நான் டார்ச் பிடிப்பேன். அடியில் சேரும் கசடை எடுக்க ஒரு ரப்பர் குழாய் உண்டு. ஒரு முனையை வாயால் உறிஞ்சிவிட்டால் தண்ணீர் தானாக வெளியே வரும். நான் உறிஞ்சினேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. மீன் தொட்டித் தீர்த்தம் ஒரு மடக்கு உள்ளே போயிற்று. பையன் சிரித்தான். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து. அந்தச் சிரிப்புக்காக நான் அல்சூர் ஏரியையே உறிஞ்சத் தயாராக இருந்தேன்.

ஆவணி இப்படிப் போயிற்று. தட்டு ஹாலுக்கு வந்தது. சாப்பிட்டுக்கொண்டே தொட்டியைப் பார்ப்பான். நானும் மனைவியும் அவன் சாப்பிடுவதைப் பார்ப்போம். ஒருநாள் மீன் கடை வரைக்கும் போய்வரலாமா என்று கேட்டேன். முகம் மாறியது. "வெளிய வேணாம்பா" என்றான். நான் சட்டென்று கப்பிப் பேச்சுக்குத் தாவிவிட்டேன். அவன் வாசல் தாண்ட வேண்டும், அது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அவசரப்படுத்தினால் குட்டி ஓடிப் பாசிக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதை நானும் அதற்குள் கற்றிருந்தேன்.

புரட்டாசி பிறந்தது.

எங்கள் வீட்டில் புரட்டாசி என்றால் வீடே பெருமாளுக்கு வாடகைக்கு விட்ட மாதிரி. மாதம் பிறப்பதற்கு முன்பே என் மனைவி வீட்டைக் கழுவி, கறிச் சட்டி, மீன் சட்டி, ஆம்லெட் கல் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள். முட்டை ஓட்டின் வாசனைகூட வாசல் ஏறக் கூடாது. இந்த வருஷம் அது இன்னும் கடுமை. பையனுக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். அவன் வெளியே நடமாடினால் போதும், இந்த மாதம் ஒரு பொட்டு அசுத்தம் இல்லாமல் விரதம் முடித்துத் திருப்பதி மலையை நடந்தே ஏறுகிறேன் என்று. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம்.

"அதுங்களுக்கும் இந்த மாசம் முட்டை வேணாங்க. வீட்டுக்குள்ளதானே இருக்குதுங்க" என்றாள்.

மீனுக்கு சைவ விரதம் வைத்த ஒரே வீடு கர்நாடகாவிலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். பையன் மறுக்கவில்லை. கடைத் தீனியைப் பொடித்துப் போட்டால் போதும் என்றான். அந்தத் தீனி எதில் செய்ததென்று டப்பாவில் போட்டிருந்தது. முதல் வரியிலேயே மீன் தூள். நான் டப்பாவைத் திருப்பி வைத்தேன்.

இரண்டே நாளில் கப்பிக் குட்டிகள் இளைத்துவிட்டதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. இளைப்பதற்கு அவற்றிடம் என்ன இருந்தது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது கேட்கவில்லை. ஒன்று செத்தால் பையன் கதவைச் சாத்திக்கொள்வான் என்றே மனது ஓடியது. ஏரிப் பக்கம் வாக்கிங் போகும்போது டீக்கடையில் அவித்த முட்டை ஒன்று வாங்கினேன். மஞ்சள் கருவைப் பேப்பரில் மடித்து மாத்திரை மாதிரிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெள்ளைக் கருவைத் தூக்கிப்போட மனம் வராமல் நானே தின்றேன். பெருமாளே, பகுதி விரதத்தையாவது கணக்கில் வைத்துக்கொள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டில் இருவரும் எழுவதற்கு முன் சொட்டுச் சொட்டாக விட்டேன். குட்டிகள் பாய்ந்து வந்தன. மறுநாளும் விட்டேன். அது வழக்கமாகிவிட்டது.

குட்டிகளின் வயிறு உருண்டது. அப்புறம் தண்ணீர் மங்கியது, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. காவேரித் தண்ணீர் வராமல் டேங்கர் தண்ணீர் விட்டதுதான் காரணம் என்றேன். மழை மூட்டம் என்றாள் மனைவி. பையன் பாதித் தண்ணீரை மாற்றினான். மறுநாள் மறுபடியும் மங்கல். குட்டிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் சிவாஜிநகர் மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஒரு நீலச் சொட்டு மருந்து கொடுத்தார். கூடவே ஒரு பிளாஸ்டிக் கோட்டையும், அதன் வாசலில் நிற்கும் பிளாஸ்டிக் வீரனையும் என் தலையில் கட்டினார். பதற்றத்தில் இருப்பவனை முகத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை. என் மனைவி மாவிளக்கு ஏற்றிவைத்திருந்தாள். கோவிந்தா போட வேண்டிய நேரத்தில் பையன் தொட்டிப் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். கறுப்பும் சாம்பலுமாக எல்லாம் மிதந்தன. அடியில் ஒன்றிரண்டு இழுத்துக்கொண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் அவையும் போய்விட்டன.

டீ வடிகட்டியால் அவன் அள்ளியெடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மோலியைத் தின்ற கப்பி இல்லை, கப்பியைத் தின்ற மோலி இல்லை. கடைசிவரை ஒற்றுமையாக இருந்து ஒன்றாகவே போயின.

"நான்தாம்மா" என்றான். "முட்டை போட்டேன். நீ கோவிலுக்குப் போனப்புறம், தினம். உன் விரதத்தைக் கெடுத்துட்டேன். ஆனா அளவாதாம்மா போட்டேன். அந்த அளவுக்கு இப்படி ஆகாது."

அவள் மாவிளக்குத் தட்டைக் கீழே வைத்தாள்.

"நானும் போட்டேன்" என்றாள். "கீழ்வீட்டு அக்காகிட்ட வேகவச்சு வாங்கி. நீ தூங்கறப்ப, அப்பா ஆபீஸ் போனதும். வத்திப்போய் இருந்துச்சுடா, பாக்க முடியல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். டீக்கடைப் பேப்பர் அப்போதும் என் சட்டைப் பையில் இருந்தது.

ஒரு வேளைத் தீனியை மூன்று வேளையாக்கிக் கொன்றிருக்கிறோம். மூன்று பேரும் பெருமாளுக்குத் தெரியாமல், ஒருவருக்கொருவர் தெரியாமல். வேண்டுதல் வைத்தவளே வேண்டுதலை உடைத்திருக்கிறாள், எவனுக்காக வைத்தாளோ அவன் முகம் வாடக் கூடாதென்று. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது இதெல்லாம் இல்லை.

"உனக்கு முட்டை ஏதுடா?" என்று கேட்டேன்.

"பேக்கரில. எக் பஃப்ஸ் வாங்கி, உள்ள இருக்கறதை எடுத்து, மசாலாவக் கழுவிட்டு."

"ஆர்டர் போட்டியா?"

"இல்லப்பா. நடந்து போய்."

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வாசல் தாண்டியிருக்கிறான். தினம் படியிறங்கி, தெருமுனை வரை நடந்து, மனிதர்களைப் பார்த்து, திரும்பி வந்திருக்கிறான். நாங்கள் கேட்டது எங்களுக்குத் தெரியாமலே எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அது நடந்ததற்குக் காரணமாக இருந்தவையெல்லாம் இப்போது வடிகட்டியில்.

தப்பு எங்கள் இருவருடையதுதான், நீ போட்டது சரியான அளவு, நாங்கள்தான் கூடப் போட்டோம் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். பதற்றத்தில் ஒரு ஜோக்கும் சொன்னேன்: மூன்று தளிகை சாப்பிட்டால் யாருக்குத்தான் தாங்கும் என்று. சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவன் கோபப்படவில்லை. வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்து ஆணியில் மாட்டினான்.

"கம்பெனிலயும் நான் கரெக்டாதாம்பா பண்ணேன்" என்றான்.

உள்ளே போனான். கதவைச் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

அவள் மிச்சமிருந்த சனிக்கிழமைகளையும் ஒரு குறை வைக்காமல் செய்தாள். கோவிலில் நின்றபோது மட்டும் முன்போலக் கண்ணை மூடவில்லை. பெருமாள் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பிலிருந்த பெரிய மீன்களைக் கீழ்வீட்டு அக்காவின் தங்கைக்குக் கொடுத்துவிட்டோம். சாப்பாட்டுத் தட்டு மறுபடி உள்ளறைக்குப் போகத் தொடங்கியது.

ஒருநாள் நான் அந்த பேக்கரிக்குப் போனேன். அவன் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்தவரிடம் போனில் பையன் படத்தைக் காட்டி, கன்னடத்தில் விசாரித்தேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. தினம் வருவானாம். இரண்டு பஃப்ஸ் வாங்குவானாம். ஒன்றைப் பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டு, இன்னொன்றைப் படியில் நின்றே சாப்பிடுவானாம். வீட்டில் மீன் குட்டிகள் இருக்கின்றன என்று போனில் வீடியோ காட்டியிருக்கிறான். வேலை போனதையும் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன், பன்னும் ரஸ்கும் விற்பவரிடம் சொல்லியிருக்கிறான். எல்லாம் சரியாகும் என்று இவர் தைரியம் சொன்னாராம்.

"ஈக யாக்கே பர்தில்லா சார்?"

இப்போது ஏன் வருவதில்லை என்று கேட்கிறார். மீன் செத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஊருக்குப் போயிருக்கிறான், காய்ச்சல், எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பதறியது. பதறினால் என் வாய் தானாகத் திறக்கும்.

"கெலச சிக்கித்து" என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

அவர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டிக்கு மேலே கையை நீட்டி என் கையைக் குலுக்கினார். நான் சொன்னேன் அல்லவா என்று உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தவரையும் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். பையனை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள் இரண்டு பேரும். ஒரு தேன் கேக்கைப் பொட்டலம் கட்டி என் கையில் திணித்தார்கள். தெருமுனையில் நின்று அதை நானே தின்றுவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் எதற்கென்று கேட்பாளே.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் கதவுக்கு வெளியே நின்று, வழக்கம்போல, சும்மா ஒரு நடை போய் வரலாமா என்று கேட்டேன். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. பல் துலக்குவது மாதிரி அது ஒரு தினசரிக் காரியம். தாழ்ப்பாள் விலகியது. சட்டை போட்டுக்கொண்டு நின்றான். ஷேவ்கூடப் பண்ணியிருந்தான். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

"பேக்கரி வரைக்கும் வேணா போலாம்பா" என்றான். "அவரு நல்லா பேசுவாரு."

எனக்குத் தெரிந்தது என்னவென்றால், கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு கை நீளும், கங்கிராஜுலேஷன்ஸ் என்பார்கள், உள்ளிருந்து இன்னொருவர் எட்டிப் பார்ப்பார், என் பையன் திரும்பி என்னைப் பார்ப்பான். உண்மையை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "டேய், நான் ஒரு பொய் சொல்லி வச்சிருக்கேன்" என்று ஆரம்பித்திருந்தால் ஒருவேளை சிரித்திருப்பான். தொட்டித் தண்ணீரைக் குடித்ததற்குச் சிரித்தவன்தானே.

"பேக்கரி வேணாம்டா. இன்னிக்கு லீவு. அந்தாண்ட பக்கம் போலாம், ஏரிப் பக்கம்" என்றேன்.

"ஏரிப் பக்கம் கூட்டமா இருக்கும்."

"அப்போ வேற பேக்கரி போலாம். எத்தனையோ இருக்கு."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"விடுப்பா. இன்னொரு நாள் பாக்கலாம்" என்றான்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் மறுபடி தொடங்க வெகு நேரமாயிற்று. சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டும் சத்தம் சாத்திய கதவு வழியாகக் கேட்டது. நான் காதை எடுக்கவில்லை.